அமெரிக்கப் பள்ளியில் இலவச, சலுகை விலை மதிய உணவுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

போன ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்குச் சலுகை விலை உணவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டுவதைவிட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகான ஆராய்ச்சி வேலை) சம்பளத்தில் நாலு பேர் இருக்கும் வீடு, வேலை போய் அடுத்த வேலை தேடும் வீடு, பெட்ரோல் பங்க்கிலோ மளிகைக் கடையிலோ ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் வீடு: இவர்களில் பாதிப் பேர் "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்று கணக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

2025-26 கல்வியாண்டில், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 41,795 டாலர் வரை இருந்தால் உணவு முழு இலவசம். 59,478 டாலர் வரை இருந்தால் சலுகை விலை. மூன்று பேர் என்றால் 34,645, 49,303. அலாஸ்கா, ஹவாய் இரண்டுக்கும் வரம்பு கொஞ்சம் கூடுதல். வறுமைக்கோட்டில் 130 சதவீதம், 185 சதவீதம் என்று வைத்து ஒவ்வொரு ஜூலையும் புதுப் பட்டியல் போடுகிறார்கள். சலுகை விலை என்றால் மதிய உணவுக்கு 40 சென்ட், காலை உணவுக்கு 30 சென்ட், அதற்கு மேல் பள்ளி வாங்கக் கூடாது. அந்தச் சில்லறையையும் சில மாநிலங்கள் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன.

விண்ணப்பமே தேவையில்லாதவர்கள்

கலிபோர்னியா, மெயின், மினசோட்டா, நியூ மெக்சிகோ, வெர்மான்ட், மிச்சிகன், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு இலவசம். மற்ற மாநிலங்களிலும் வருமானம் குறைந்த பகுதிப் பள்ளிகள் பல, மொத்தப் பள்ளிக்கும் சேர்த்து இலவசமாகப் போடுகின்றன. பள்ளி அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

வீட்டில் ஒருவருக்கு ஸ்னாப் உதவி (வருமானம் குறைந்தவர்களுக்கு மளிகை வாங்க அரசு தரும் பணம்) வந்தாலும் போதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். பெரும்பாலும் பள்ளிக்கே பட்டியல் போய்விடும், உங்களுக்குக் கடிதம் மட்டும் வரும். வராவிட்டால் விண்ணப்பத்தில் கேஸ் எண்ணை எழுதுங்கள். அந்த உதவிப் பணம் வரும் ஈபிடி கார்டின் எண் இல்லை, ஸ்னாப் ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் கேஸ் எண். அதை எழுதினால் வருமானப் பகுதியை நிரப்பவே வேண்டாம்.

படிவம் எங்கே?

உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) தளத்தில் உணவுப் பிரிவுக்குள் இருக்கும். காகிதப் படிவமும் கேட்டால் தருவார்கள். என் ஓட்டு ஆன்லைனுக்குத்தான். ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போக விடாது. காகிதத்தில் கையெழுத்து விட்டுப்போனால் அது ஒரு மேசையில் கிடந்துவிட்டு மெதுவாகத் திரும்பி வரும்.

ஜூலை 1க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம். நடு ஆண்டில் வேலை போனாலும் அன்றைக்கே போடலாம். ஒரு வீட்டுக்கு ஒரே விண்ணப்பம். இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு பள்ளி என்றாலும், டிஸ்ட்ரிக்ட் ஒன்றாக இருந்தால் ஒன்றே போதும்.

பெயர் எழுதும்போது நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். அப்பா பெயர் கடைசிப் பெயர், அம்மாவுக்கு வேறு கடைசிப் பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் வேறு மாதிரி. பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவில் இருக்கிறபடியே எழுதுங்கள், மாணவர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஆளுக்கொரு கடைசிப் பெயர் இருப்பது தடையே இல்லை.

வீட்டில் எத்தனை பேர் என்பதில், ஒன்றாக இருந்து வரவு செலவைப் பகிர்ந்துகொள்கிற எல்லோரும் வருவார்கள், கைக்குழந்தை உட்பட. வாடகையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டு தனிச் சமையல், தனிக் கணக்கு என்று இருக்கும் ரூம்மேட் வரமாட்டார்.

வருமானம்: நிதானமாக நிரப்ப வேண்டிய இடம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பக்கம்தான். பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கீழே இருக்கும், வங்கிக்கு வருகிற தொகை வேண்டாம். வரி, இன்சூரன்ஸ், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு எதுவும் பிடிப்பதற்கு முந்தைய மொத்தத் தொகை வேண்டும். ஊருக்கு அனுப்பும் பணத்தையும் கழிக்க முடியாது. ஊரிலிருந்து வீட்டு வாடகை வந்தாலோ, யாராவது மாதாமாதம் பணம் அனுப்பினாலோ அதையும் காட்ட வேண்டும். சொந்தத் தொழில் என்றால் மட்டும் செலவு போக மிச்சம்.

கேட்பது இப்போதைய வருமானம், போன ஆண்டு வரிக் கணக்கில் காட்டியது இல்லை. போன மாதம் வேலை போயிருந்தால் இன்றைய நிலையைத்தான் எழுத வேண்டும்.

தொகைக்குப் பக்கத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதம் இருமுறை, மாதம் ஒருமுறை. நடுவில் உள்ள இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. வெள்ளி விட்டு வெள்ளி சம்பளம் வந்தால் அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு 26 சம்பளம். 15ஆம் தேதியும் மாதக் கடைசியும் வந்தால் அது மாதம் இருமுறை, 24 சம்பளம்.

ஒரு உதாரணம். நாலு பேர் குடும்பம், ஒவ்வொரு பே ஸ்டப்பிலும் 2,400 டாலர். மாதம் இருமுறை என்றால் ஆண்டுக்கு 57,600, சலுகை விலை கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 62,400, கிடைக்காது. தொகை ஒன்றுதான், எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தேகம் என்றால் கடைசி நாலைந்து பே ஸ்டப்பின் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். சரியாக 14 நாள் இடைவெளி என்றால் 26. தேதி மாறாமல் கிழமை மாறிக்கொண்டே இருந்தால் 24.

வருமானம் இல்லாதவருக்கு 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டாலும் வருமானம் இல்லை என்று நீங்கள் உறுதி சொன்னதாகத்தான் அர்த்தம்.

சோஷியல் செக்யூரிட்டி எண்

வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் இந்த எண்ணில் கேட்பது கடைசி நாலு இலக்கம் மட்டும், அதுவும் வீட்டில் ஏதாவது ஒரு பெரியவருடையது. ஜே-2, எச்-4 என்ற துணைவர் விசாவில் இருந்து அந்த எண்ணே இல்லாதவர் கையெழுத்துப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம். சம்பாதிப்பவரின் எண்ணைக் கொடுக்கலாம். வீட்டில் யாருக்குமே இல்லையென்றால், எண் இல்லை என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும். விசா என்ன, குடியுரிமை என்ன என்று படிவம் கேட்பதே இல்லை. இன வகைக் கேள்வி உங்கள் இஷ்டம், பதில் சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

கிரீன் கார்டு பயமும் உண்டு. அரசு உதவியை நம்பி வாழ்வார் என்று தோன்றினால் கிரீன் கார்டை மறுக்கலாம் என்பது பப்ளிக் சார்ஜ் விதி. 2019இல் அதைக் கடுமையாக்கியபோதும் பள்ளி உணவை அதில் சேர்க்கவில்லை, 2022 விதியிலும் சேர்க்கவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்து மனசு கேட்கவில்லை என்றால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு

பள்ளி வேலைநாள் கணக்கில் 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை டப்பா கட்டிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முழு விலைக் கணக்கு ஏறும். போன ஆண்டே ஒப்புதல் இருந்தால், புதிய ஆண்டின் முதல் 30 பள்ளி நாட்கள் அதுவே ஓடும். அதற்குள் புது விண்ணப்பம் போட்டாக வேண்டும், தானாகப் புதுப்பிக்காது. ஒருமுறை கிடைத்துவிட்டால் நடுவில் சம்பளம் கூடினாலும் அந்த ஆண்டு முழுக்கச் செல்லும்.

இலையுதிர் காலத்தில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து வருமான ஆதாரம் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பே ஸ்டப் நகலை அனுப்பினால் முடிந்தது. ஆனால் பதிலே போடாவிட்டால் சலுகை நின்றுவிடும். அந்தக் கடிதம் விளம்பரத் தபால் மாதிரியே இருக்கும் என்பதால் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளையின் உணவுக் கணக்கில் பணம் போடும் ஆப்பில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடித்தால், பள்ளியில் செக்காகவோ காசாகவோ கட்டுங்கள். கட்டணமில்லாத வழி ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது விதி.

பின்சேர்க்கை

"இலவசம் என்று கடிதம் வந்தும் பிள்ளை கணக்கில் கடன் காட்டுகிறது" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் காரணம் தட்டில் இருக்கிறது. தானியம், புரதம், காய், பழம், பால் என்ற ஐந்தில் குறைந்தது மூன்றை எடுக்க வேண்டும், அதில் ஒன்று அரை கப் பழமோ காயோ. பல பள்ளிகளில் கணக்கு இப்படித்தான். உங்கள் பிள்ளை பீட்சாவையும் பாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனால் அது உணவாகச் சேராது, தனித்தனிப் பொருளாக விலை விழும். சிப்ஸும் இரண்டாவது பாலும் எப்படியும் தனிக் காசுதான். நம்மூர்ச் சத்துணவில் தட்டை நீட்டினால் போதும், இங்கே ஒரு ஆப்பிளையும் வைத்துக்கொண்டு போகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாப்பிடாவிட்டால்கூடப் பரவாயில்லை, தட்டில் இருக்க வேண்டும்.

மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்லோரும் ஒரே மாதிரி அவரவர் மாணவர் எண்ணைத் தட்டிவிட்டுப் போவார்கள், யார் இலவசம் என்று தனியாக அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம்.

ஒப்புதல் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக் கட்டண விலக்கு கேட்க உதவும். சன் பக்ஸ் திட்டத்தில் சேர்ந்த மாநிலம் என்றால் கோடை விடுமுறைக்கு ஒரு பிள்ளைக்கு 120 டாலர் மளிகைக்கு வரும். அது பெரும்பாலும் வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும் கார்டு, எனவே வீடு மாறினால் மே மாதத்துக்குள் பள்ளியில் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள்.