மலையேறும் முன் போனில் படம் நிரப்புவது எப்படி

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருக்கிறேன். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவேடு, கூலிக் கணக்கு, மூட்டைக் கணக்கு என்று பொழுது போய்விடும். வீட்டில் ஜன்னலோரம் போனை வைத்தால் ஏதோ சிக்னல் எட்டிப் பார்க்கும். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. கூரை மேல் டிஷ் இருக்கிறது, ஆனால் அது பிடிக்கும் அலையைக் கனமழை தின்றுவிடும். ஐப்பசியில் செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்.

ஆகவே, நினைத்த நேரத்தில் நினைத்த படம் என்ற வசதி எனக்கு இப்படித்தான் நடக்கிறது: போனில் இறக்கி வைப்பது சேலத்தில், பார்ப்பது மலையில். வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களும் இப்படியே செய்யலாம் என்பது என் கட்சி.

வாரம் முழுக்க ஒரு பட்டியல் எழுதுங்கள். யாராவது நல்ல படம் என்று சொன்னால் அப்போதே பெயரைக் குறித்துவிட வேண்டும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஆப்பைத் திறந்து தேடக் கூடாது. முகப்பில் வரிசையாக நிற்பது பெரும்பாலும் அவர்கள் நம் தலையில் கட்ட நினைக்கும் சரக்கு. தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள் ரசம் ஆறிவிடும்.

சேலத்துக்குக் கீழே இறங்கும் நாளில், அங்கே அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டு வைஃபையில் பட்டியலில் உள்ளதை இறக்கிக்கொள்கிறேன். மொபைல் டேட்டாவில் முயற்சி செய்ய வேண்டாம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது, தினசரி 1.5 ஜிபி பேக் அரை மணியில் காலி. செட்டிங்ஸில் ஸ்டாண்டர்டு தரத்தை வைத்துக்கொள்ளுங்கள், கையகலத் திரைக்கு அது போதும். மெமரி கார்டு போடுகிற ஆண்ட்ராய்டு போன் என்றால், இறக்கும் இடத்தை அந்தக் கார்டுக்கு மாற்றிவிடலாம். அம்மாவுக்கான கறுப்பு வெள்ளைப் படங்களை யூடியூபில் குறைந்த தரத்திலேயே எடுக்கிறேன். மூலப் பிரதியே மங்கல், அதில் எச்டி எதற்கு? அதில் பாதி, ஏற்காடு ரோட்டில் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ எடுத்தவை. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய கம்பெனி, நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. பஸ் அந்த வளைவைத் தாண்டும்போது, உள்ளே ஷூட்டிங் நடந்த காலத்துக் கதைகளை அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

நமது ரசனையைப் பார்த்து ஆப்பே படம் பொறுக்கி இறக்கி வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். அடுத்த எபிசோட் தானாக ஓடுவதையும் அணைக்க வேண்டும். ஒன்று முடிந்ததும் அறை அமைதியானால்தான் மணி என்ன என்று பார்க்கத் தோன்றும்.

இறக்கியதோடு வேலை முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும் முன்பே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பாதியில் நின்றுபோன டவுன்லோட் அப்போதுதான் தெரியும். தமிழ் ஒலி வருகிறதா, சப்டைட்டில் ஏறியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மேலே போய், கதாநாயகன் இந்தியில் பேசுவதைக் கேட்டு ஒன்றும் செய்ய முடியாது.

கெடுவையும் பாருங்கள். பிரீமியம் கட்டாமல் யூடியூபில் இறக்கியது 48 மணி நேரம் தாங்கும்; பிறகு ஒருமுறை நெட்டைக் காட்ட வேண்டும். சில ஓடிடி படங்கள் பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். ஆகவே அவற்றைச் சும்மா தொட்டுப் பார்க்காதீர்கள், சோதிப்பதாக இருந்தாலும் கெடு என்ன என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். யூடியூபில் எடுத்ததை முதலில் முடித்துவிடுங்கள். நீண்ட கெடு உள்ளவை காத்திருக்கும்.

ஒரு காலத்தில் செல்போன் கடையில் காசு கொடுத்தால் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். ஞாபகம் இருக்கிறதா? கடைப் பையன் எதைப் போட்டானோ அதுதான் அந்த மாதத்துப் பாட்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தபின் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது கடைப் பையன் வேலையை நானே பார்க்கிறேன்.

பறிப்பு சீசனில், அதாவது நவம்பரிலிருந்து, படம் குறைத்து ஒலியாக எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் காப்பி காயும்போது கண் அங்கேதான் இருக்க வேண்டும், காது சும்மாதான் இருக்கிறது. கதை வாசிப்பும் பழைய பட்டிமன்றமும் அதற்குத் தோது. இடமும் கொஞ்சமே பிடிக்கும். அப்புறம், மலையேறும்போது போனைப் பையில் போட்டுவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரையைப் பார்த்தால் எலுமிச்சம்பழம்கூடக் காப்பாற்றாது.

சந்தாவுக்கு நான் வைத்திருக்கும் முறை, ஒரு நேரத்தில் ஒரே ஆப். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தைத் திறந்தால் எது எதற்கெல்லாம் பணம் போகிறது என்று தெரியும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம். பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பே செய்தி வரும், அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். சந்தா முடிந்தால் இறக்கி வைத்தவையும் திறக்காது. ஆகவே கையிலிருப்பதைப் பார்த்து முடித்துவிட்டு நிறுத்துங்கள்.