ஜுவைனியையும் பைஹகியையும் வாசிக்கும்போது எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்

பழைய பாரசீக வரலாறு எதைத் திறந்தாலும், எழுதியவர் யாரிடம் வேலை பார்த்தார் என்று முதலில் பாருங்கள். மங்கோலியர் படையெடுப்பை எழுதிய ஜுவைனி அவர்களுடைய அதிகாரி. 1256இல் செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகுவோடு, ஈரானில் இஸ்மாயிலிகளின் அலமூத் கோட்டைக்குப் போனவர், பிறகு பாக்தாத்தை நிர்வகித்தவர்.

அப்புறம் பிறந்த வருடம். அவர் பிறந்தது 1226இல், மத்திய ஆசிய நகரமான புகாரா மங்கோலியரிடம் விழுந்தது 1220இல். அங்கே செங்கிஸ்கான் மேடையேறி, நான் கடவுளின் தண்டனை, நீங்கள் பெரும்பாவம் செய்யாமல் இருந்திருந்தால் அவர் என்னை அனுப்பியிருக்க மாட்டார் என்று பேசியதாக எழுதுகிறார். மெதுவாகப் படியுங்கள். ஒரு மங்கோலியத் தலைவன் பள்ளிவாசல் பிரசங்கம் போலப் பேசுகிறான், பழி செத்தவர்கள் தலையில் விழுகிறது, கொன்றவன் கடவுள் கையில் இருக்கும் சாட்டை ஆகிவிடுகிறான். யாராவது நீளமாகப் பேசினால், அந்தப் பேச்சால் யாருடைய பொறுப்பு குறைகிறது என்று கேளுங்கள்.

அழகான வாக்கியத்திலும் நில்லுங்கள். புகாராவிலிருந்து தப்பி வந்தவன் சொன்னதாக ஆறே வினைச்சொற்கள்: வந்தார்கள், பெயர்த்தார்கள், எரித்தார்கள், கொன்றார்கள், அள்ளினார்கள், போனார்கள். நம் தமிழைப் போலவே பாரசீகத்திலும் எழுவாய் விகுதிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால் யார் என்ற பெயரே வரவில்லை. கேட்டவர்கள் அதன் சுருக்கத்தை மெச்சியதையும் சேர்த்தே எழுதுகிறார், நாமும் மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எண்கள் வந்தால் கவனம். மெர்வ் நகரில் 13 நாள் எண்ணியதில் பிணங்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்கிறார். அழிவு உண்மை, எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஒப்பிட யார்? ஜூஸ்ஜானி. மங்கோலியர் கை எட்டாத டெல்லியில், ஜுவைனியைப் போலவே 1260ஐ ஒட்டி எழுதியவர். செங்கிஸ்கானைச் சபிக்கப்பட்டவன் என்றே குறிப்பிடுகிறார். ஆனால் டெல்லி சுல்தானை அவர் புகழும்போது அங்கேயும் இதே சந்தேகம் வேண்டும்.

நேர்மையானவர் என்று எல்லோரும் மதிக்கும், கஸ்னவி சுல்தான்களின் அரசவை எழுத்தர் பைஹகியிடம்தான் எனக்கு அதிகக் கவனம் தேவைப்படுகிறது. 1032இல் அமைச்சர் ஹஸனக் தூக்கிலிடப்பட்டதைச் சொல்லும் முன், ஹஸனக்கை ஒழிக்கத் துடித்த அரசவை அதிகாரி பூ சஹ்லைப் பற்றி, அவர் எனக்குத் தீங்கு செய்தவர்தான், ஆனால் அவர் செத்துச் சில வருடம் ஆகிறது, எனக்கு வயது 65, எனக்குப் பகை இல்லை என்கிறார். உடனே நம்பிவிடுகிறோம். பிறகு கதை முழுக்க பூ சஹ்லின் வெறி. ஹஸனக் மேல் கல்லெறியச் சொன்னபோது ஒருவரும் எறியாமல் மக்கள் அழுத காட்சி மறக்கவே முடியாதது. அந்தக் கண்ணீரோடு தாண்டிவிடாமல் சில வரி பின்னால் போங்கள்: சுல்தான் மசூத் தோழர்களோடும் பாடகர்களோடும் மூன்று நாள் வேட்டைக்குக் கிளம்புகிறார், தூக்குமரம் நடச் சொல்லிவிட்டு.