ஊசுட்டேரியில் காற்றுவழி மகரந்தம்: பொறி செய்வது முதல் எண்ணுவது வரை

புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரிக் கரையில் பசை பூசிய ஒரு ஸ்லைடை (நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டை) வைத்தால், ஏரிக்குள் பூத்த சம்பு, கோரை, புல்லின் மகரந்தத்தோடு வெளியே நிற்கும் சவுக்கு, தென்னை, நெல், சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் சேர்ந்தே விழும். எது உள்ளூர், எது வெளியூர் என்று பிரிக்கத் தெரியாவிட்டால் எண்ணிக்கை வெறும் எண்தான். ஆகவே காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்கும் பொறியை வைக்கும் முன்பே, பெயர் தெரிந்த செடிகளின் மகரந்தத்தைக் கொண்டு ஒப்பீட்டு ஸ்லைடுகளைத் தயார் செய்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் அனுமதி. புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆய்வுக்காக உள்ளே செல்ல அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் பூ பறிப்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஏரியின் இன்னொரு பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கரைக்குத் தமிழ்நாடு வனத்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒப்பீட்டு ஸ்லைடுக்கு முதிர்ந்த, ஆனால் வெடிக்காத மகரந்தப்பை வேண்டும். வெடித்த பூவில் பக்கத்துச் செடியின் மகரந்தமும் ஒட்டியிருக்கும். பையை ஸ்லைடில் நசுக்கி, இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு எண்ணெய்ப்பசையைக் கழுவி, உலர்ந்ததும் கிளிசரின் ஜெல்லி வைத்து மூடுங்கள். ஜெல்லிக்கு: ஜெலட்டின் 10 கிராம், தண்ணீர் 35 மி.லி., கிளிசரின் 30 மி.லி., பூஞ்சை பிடிக்காமலிருக்க ஃபீனால் 1.4 கிராம், இளஞ்சிவப்பு வரும் அளவுக்குப் பேசிக் ஃபியூக்ஸின் சாயம். ஜெலட்டினை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். கொதிக்கவிட்டால் இறுகும் தன்மை போய்விடும், குமிழியும் வரும். ஃபீனால் தோலைச் சுடும், கையுறை கட்டாயம். மகரந்தம் ஜெல்லியில் சற்று உப்பும் என்பதால், ஒப்பீட்டு ஸ்லைடுக்கும் பொறி ஸ்லைடுக்கும் ஒரே ஜெல்லியைப் பயன்படுத்துங்கள். குழப்பம் தீராதபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்த ஸ்லைடுத் தொகுப்பு இருக்கிறது. இந்த வேலைக்கு இவ்வளவு அருகில் அப்படி ஒன்று கிடைப்பது பெரிய வரம்.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு, மகரந்தம் தானாக ஸ்லைடில் விழும் டர்ஹாம் பொறி போதும். 23 செ.மீ. விட்டமுள்ள இரண்டு எவர்சில்வர் வட்டத் தகடுகள், நடுவே 7.6 செ.மீ. இடைவெளி, மூன்று கம்பிகள். கீழ்த்தகட்டிலிருந்து 2.5 செ.மீ. உயரத்தில் ஸ்லைடு தாங்கி. விளிம்பு மடித்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தால் மழைநீர் தேங்கும். தட்டையான தகடே நல்லது. ஊன்றும் இடம் திறந்தவெளியாக, கரையின் மேட்டில், வண்டிப் புழுதி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். நீர்விளிம்பில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறையும்போது கம்பம் தண்ணீருக்குள் போய்விடும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வைத்து, ஆண்டு முழுக்க அதே உயரத்தை மாற்றாதீர்கள். கம்பத்தில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஏறும். மேல்தகட்டில் பறவை உட்காரும். எச்சத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள்.

ஸ்லைடில் பசையாக வாசலின் மட்டும் தடவினால் சித்திரை வெயிலில் இளகி ஓரத்துக்கு ஓடும். 9 பங்கு வாசலினோடு 1 பங்கு பாரஃபின் மெழுகு உருக்கிச் சேர்த்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிசாகப் பூசுங்கள். தடித்தால் மகரந்தம் வெவ்வேறு ஆழத்தில் புதைந்து, நுண்ணோக்கியை ஓயாமல் திருக வேண்டிவரும்.

ஸ்லைடை மாற்றும் நேரம் தினமும் காலை 7 மணி. நெற்பூ பெரும்பாலும் 9 மணிக்கு மேல்தான் விரியும். அந்த நேரத்தில் ஸ்லைடை மாற்றினால் ஒரே நாளின் உச்சம் இரண்டு ஸ்லைடுகளில் பிரிந்துவிடும். வாரம் ஒருமுறை, பசை பூசிய இன்னொரு ஸ்லைடைப் பெட்டியிலேயே மூடி எடுத்துப் போய், திறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அதில் மகரந்தம் தென்பட்டால் அழுக்கு உங்கள் பெட்டியிலோ மேசையிலோ இருக்கிறது.

400 மடங்கு உருப்பெருக்கத்தில் 22×22 மி.மீ. கவர் கிளாஸ் முழுவதையும் எண்ணி 4.84-ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை என்று கிடைக்கும். இதை ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை என்ற கணக்காக மாற்ற வழியில்லை. காற்று வேகம் கூடினால் விழும் அளவும் மாறும். பெரிய மகரந்த மணிகள் கூடுதலாக விழும். கன மீட்டர்க் கணக்கு தேவையென்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும் பர்க்கார்டு கருவிதான். இரண்டின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

புல்லின் மகரந்த மணி உருண்டை. ஒற்றைத் துளை, அதைச் சுற்றி வளையம். சம்புக்கும் ஒரே துளைதான், ஆனால் மேற்பரப்பு வலை பின்னியதுபோல் இருக்கும். அதிகம் பிழை நேர்வது இங்கேதான். சவுக்குக்கு மூன்று துளைகள், முக்கோணச் சாயல். கீரை வகையும் உமரியும் குழிகள் நிறைந்த பந்துபோல. பார்த்தீனியம் சிறியது, முள்ளுள்ளது, கொத்தாகவும் விழும். கொத்து என்று குறித்துவிட்டு மணிகளைத் தனியே எண்ணுங்கள். மழைநாள் ஸ்லைடில் பூஞ்சை வித்துகள் நிறைந்திருக்கும். அவற்றை மகரந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒவ்வொரு ஸ்லைடின் பதிவோடும் மழை, காற்றுத் திசை, கரையில் அன்று என்னென்ன பூத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சவுக்கு மணி ஏராளமாக விழுந்த நாளில் காற்று எந்தத் தோப்புப் பக்கமிருந்து வந்தது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.