ஆப்பிரிக்கப் பண்பாட்டைப் பற்றி எழுதப் போகிறீர்களா? ஒரு துணியிலிருந்து தொடங்குங்கள்

காலனி ஆட்சியும் உலகமயமாக்கலும் வந்த பிறகு ஆப்பிரிக்கப் பண்பாடுகள் என்ன ஆயின என்று எழுத உட்கார்ந்தால், கை தானாகவே இரண்டு கதைகளில் ஒன்றை எழுத ஆரம்பித்துவிடும். ஒன்று, வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் போச்சு. இன்னொன்று, யார் வந்து போனாலும் ஆதி மரபு அசையாமல் நிற்கிறது. இரண்டும் எழுதச் சுலபம். ஆனால் இரண்டிலுமே அங்கே வாழ்கிற மனிதர்களுக்கு வேலையே இல்லை. முதல் கதையில் அடி வாங்குகிறார்கள், இரண்டாவதில் சிலையாக நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

நானும் இதைச் செய்தவன்தான். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் வாக்ஸ் (மெழுகு அச்சு) துணியைப் பற்றி 'நூற்றாண்டுகளாக மாறாத மரபு' என்று ஒரு வரி எழுதிப் பெருமையாக நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் திட்டவில்லை. "துணியோட ஓரத்துல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டச்சு வாக்ஸ் என்று இருந்தது. அன்றிலிருந்து நான் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன், அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் வேலை, 'ஆப்பிரிக்கா' என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அது 54 நாடுகளும், எண்ணிப் பார்த்தால் சுமார் 2000 மொழிகளும் உள்ள கண்டம். 'ஆப்பிரிக்க மக்கள் நம்புகிறார்கள்' என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் எந்த மக்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்று போட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம். நாட்டின் பெயரை மட்டும் போட்டாலும் போதாது: எவே மக்கள் கானாவிலும் இருக்கிறார்கள், டோகோவிலும் இருக்கிறார்கள், நடுவில் கோடு போட்டவர்கள் ஐரோப்பியர்கள்.

அப்புறம், ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். பாட்டோ, உடையோ, எழுத்தோ, சாலைப் பலகையில் இருக்கும் ஒரு சொல்லோ, எதுவாக இருந்தாலும் சரி, அது எங்கே பிறந்தது, யார் கை மாறியது, யார் அதற்குப் பெயர் வைத்தார்கள், இன்று யார் அதில் காசு பார்க்கிறார்கள் என்று கடைசி வரை போங்கள். வாக்ஸ் துணியையே எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் மெழுகு பூசிக் கையால் சாயம் ஏற்றிச் செய்யும் பாத்திக் துணியை 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் நகல் எடுத்து, அதே ஜாவாக்காரர்களிடம் மலிவாக விற்கப் பார்த்தார்கள். இயந்திரத்தில் மெழுகுக்குப் பதிலாகப் பூசிய பிசின் வெடித்து, வெடிப்புக்குள் சாயம் இறங்கி, துணி முழுக்க நரம்பு நரம்பாகக் கோடு விழுந்தது. ஜாவாவில் அது குறையாகத் தெரிந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் அதே சரக்கு இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டுக்குப் போனபோது அங்கே இருந்தவர்களுக்கு அந்தக் கோடுகள்தான் பிடித்தன, ஏனென்றால் ஒரு கஜம் மாதிரி இன்னொரு கஜம் இருக்காது.

இதுவரைக்கும் ஐரோப்பிய வியாபாரக் கதை. இங்கேயே நிறுத்திவிட்டு 'ஆக, அது ஆப்பிரிக்கத் துணியே இல்லை' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் நிறைய, நண்பரின் கேள்விக்குப் பிறகு நானும் ஒரு வாரம் அந்தத் தீர்ப்போடு திரிந்தேன். ஆனால் துணி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது அதற்கு இருப்பது ஓர் எண் மட்டும். சந்தைக்கு வந்த பிறகுதான் பெயர் கிடைக்கிறது, அந்தப் பெயரை வைப்பவர்கள் துணி விற்கும் பெண்கள். பறந்துபோகும் தகைவிலான் குருவி வடிவத்துக்கு கானாவில் 'பணத்துக்குச் சிறகு உண்டு' என்று பெயர் வந்தது. கூண்டிலிருந்து பறவை வெளியேறும் வடிவத்துக்கு பிரெஞ்சு பேசும் ஊர்களில் 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று பெயர். ஊர் மேயும் கணவன் வீட்டில் இருக்கும்போது மனைவி அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. நல்ல பெயர் அமைந்தால் துணி விற்கும், அமையாவிட்டால் தேங்கும். ஹாலந்தில் வரைகிறவருக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

டோகோவின் தலைநகர் லோமேயில் இந்த வியாபாரத்தைப் பிடித்திருந்த பெண்களுக்கு நானா பென்ஸ் என்று பெயர், மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்து இறங்கியதால். குறிப்பிட்ட வடிவங்களை விற்கும் தனி உரிமையே அவர்களிடம் இருந்தது, வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் அரசாங்கமே அவர்களிடம் காரை இரவல் வாங்கி ஓட்டியதாகவும் சொல்வார்கள். 1994 ஜனவரியில் டோகோவின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே அடியாகப் பாதியானது, டச்சுத் துணி கைக்கு எட்டாத விலைக்குப் போனது, பின்னாலேயே சீன நகல்கள் வந்து இறங்கின. பழைய நானாக்களில் பலர் நொடித்துப் போனார்கள். அடுத்த தலைமுறைப் பெண்களை 'நானெட்' என்கிறார்கள், அவர்கள் நேராகச் சீனாவுக்கே போய்ச் சரக்கு எடுத்து வருகிறார்கள். எது தாக்குப்பிடித்தது, எது போனது என்று ஒரே வரியில் சொல்ல முடியாத இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால், சரியான வழியில்தான் போகிறீர்கள்.

யாருடைய இலக்கணம்?

'இது அசலா, இரவலா' என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரவல் வாங்கியது யாருடைய இலக்கணப்படி நடக்கிறது என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது சுவாஹிலி மொழியிலிருந்து. அந்த மொழியில் 'கி' என்று தொடங்கும் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதிக்குப் பன்மையில் 'வி' வரும். கிட்டி என்றால் நாற்காலி, விட்டி என்றால் நாற்காலிகள். அரபியிலிருந்து கிதாப் என்ற சொல் வந்து கிடாபு ஆனது. அரபியில் அந்தக் 'கி' சொல்லின் வேரோடு ஒட்டியது, பிரிக்கவே முடியாது. சுவாஹிலிக்காரர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் பன்மைக்கு விடாபு என்றார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சாலை நடுவே இருக்கும் வட்டத்திட்டில் 'கீப் லெஃப்ட்' என்று பலகை வைத்தார்கள், அந்தத் திட்டுக்கே கிப்லெஃப்தி என்று பெயராகிவிட்டது, இரண்டு திட்டு இருந்தால் விப்லெஃப்தி. சொல் வெளியூர்க்காரன், நடத்தை உள்ளூர். இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நேரம் சொல்வதிலும் இப்படித்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒருவருடைய போன் காலை 7:00 என்று காட்டும், அவர் வாய் 'சா மோஜா', அதாவது மணி ஒன்று என்று சொல்லும், ஏனென்றால் சுவாஹிலிக் கணக்கு விடியலில் தொடங்குகிறது. கருவி உலகப் பொது, கணக்கு மட்டும் அவர்களுடையது. (பேருந்து நேரம் கேட்கும்போது எந்தக் கணக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இசையில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க காங்கோ ரும்பாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காங்கோப் பகுதியிலிருந்து அடிமைகளாகப் பிடித்துப் போகப்பட்டவர்களின் தாளம் கியூபாவின் இசைக்குள் கலந்தது. 1930களில் கியூப இசைத்தட்டுகள் காங்கோவுக்கு வந்தபோது அங்கிருந்த இளைஞர்களுக்கு அது அன்னியமாகப் படவில்லை, பியானோ வாசித்ததை கிட்டாருக்கு மாற்றி, லிங்காலா மொழியில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு காங்கோ நாடுகளும் சேர்ந்து கேட்டு 2021இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

'மரபு' என்று யாராவது சொன்னால் ஆண்டைக் கேளுங்கள்

சில 'மரபுகளை' உண்டாக்கியதே காலனி அதிகாரிகள்தான். தென்கிழக்கு நைஜீரியாவில் பெரும்பாலான இக்போ ஊர்களுக்குத் தலைவன் என்று ஒருவன் கிடையாது, கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். பிரிட்டிஷாருக்குக் கணக்குக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது, தங்களுக்குத் தோதானவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துத் தலைவராக்கினார்கள். 1929இல் ஒலோகோ என்ற ஊரில் பெண்களை எண்ணத் தொடங்கியதும், இனி பெண்களுக்கும் வரி என்ற பேச்சு பரவியது. பெண்கள் கையில் எடுத்தது ஒரு பழைய வழக்கம்: தவறு செய்த ஆணின் வீட்டைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து, இரவு பகலாக அவனைக் கிண்டல் செய்து பாடி ஆடுவது. அதுவரை பெண்டாட்டியை அடிப்பவன்மேல் பாய்ந்த தண்டனையை இப்போது சான்றிதழ் தலைவன்மேல் பாய்ச்சினார்கள். அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்களைச் சுட்டுக் கொன்றது. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தலைவர் ஏற்பாட்டை மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் கதையில் மரபு எது, புதுசு எது என்று பிரித்துப் பாருங்கள். தலைவர் பதவிக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை.

இழப்பைக் கணக்கில் எழுதுங்கள்

இணைந்தார்கள், தகவமைத்தார்கள் என்றே எழுதிக்கொண்டு போனால் நடந்ததெல்லாம் ஏதோ பண்டமாற்று மாதிரி ஆகிவிடும். அதனால் பிடித்த பொருளோடு சேர்த்து, அது எதற்கு நடுவில் பிழைத்தது என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். கேமரூனின் ஃபும்பானில் ஞோயா என்ற அரசர் 1896 வாக்கில் தன் மொழிக்கு எழுத்து உண்டாக்கத் தொடங்கினார், நூற்றுக்கணக்கான குறிகளை மறுபடி மறுபடி குறைத்து எண்பது வாக்கில் கொண்டுவந்தார், பள்ளி நடத்தினார். பிரெஞ்சு ஆட்சி பள்ளிகளை மூடி, அவரை ஊரைவிட்டு வெளியேற்றியது. 1933இல் வெளியூரிலேயே இறந்தார். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்லாம் என்ற எழுத்தின் கதையைப் படித்தால்தான் அதன் கனம் தெரியும். 1989இல் கினியாவில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற இரண்டு சிறுவர்கள், 14 வயதும் 10 வயதும், தங்கள் ஃபுலானி மொழியின் ஒலிகளை அரபி எழுத்து சரியாகப் பிடிக்கவில்லை என்று அறையை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு கிறுக்கி, அதில் பிடித்ததைத் தேர்ந்து 28 எழுத்துகள் செய்தார்கள். கையால் நகலெடுத்துச் சந்தை சந்தையாகப் பரப்பிய அந்த எழுத்து 2016இல் யூனிகோடில் சேர்ந்து, இன்று போனில் தட்டச்சு செய்யும் எழுத்தாகிவிட்டது. உலகமயம் விழுங்கும் என்று எல்லோரும் பயப்படும் அதே கருவியில்தான்.

எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு சின்ன வேலை. வரைவை அச்செடுத்து, 'பட்டது', 'பட்டனர்' என்று முடியும் வினைகளை எல்லாம் வட்டமிடுங்கள். என் பழைய கட்டுரையில் பக்கம் முழுக்க வட்டம்தான். அதில் ஒரு வரி: 'ஹெரேரோ பெண்களுக்கு ஐரோப்பிய உடை அணிவிக்கப்பட்டது.' திரும்ப எழுத உட்கார்ந்தபோது முதலில் யார் எதைச் செய்தார்கள் என்று தேட வேண்டியிருந்தது. இப்போது அது இப்படி இருக்கிறது: 'நமீபியாவில் ஜெர்மன் மிஷனரிமாரின் மனைவிகள் உடுத்திய நீண்ட கவுனை ஹெரேரோ பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை அவர்கள் இனத்தில் பெரும்பாலோரைக் கொன்றது, பாலைவனத்துக்குள் துரத்தித் தாகத்தில் சாகவிட்டது. பிழைத்தவர்கள் அந்தக் கவுனைக் கழற்றிப் போடவில்லை. உள்ளே பாவாடைமேல் பாவாடை சேர்த்து அகலமாக்கினார்கள், தலையில் துணியை இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு போல நீட்டிக் கட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் மாடு வளர்ப்பவர்கள். அதை உடுத்திக்கொண்டு மாடு நடப்பது போல நிதானமாக நடக்க வேண்டும் என்பார்கள்.'