நீர்க்கரையில் வேட்டைக்காரர் செய்யும் தவறுகள்: ‘கால் ஆஃப் த வைல்ட்’ ஆடுவோருக்கு

ஸ்வீடனைச் சேர்ந்த எக்ஸ்பான்சிவ் வேர்ல்ட்ஸ் 2017 பிப்ரவரியில் வெளியிட்ட ‘தி ஹண்டர்: கால் ஆஃப் த வைல்ட்’ என்ற வேட்டை வீடியோ விளையாட்டைப் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கப் பழகும் முன்பே மேப்பில் நீல நிறம் தெரியும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் வியப்பில்லை. அடிப்படைப் பதிப்பில் கிடைக்கும் இரண்டு வேட்டைக் காப்பகங்களான, ஜெர்மனியின் நிலத்தை ஒத்த ஹிர்ஷ்ஃபெல்டனிலும் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியை ஒத்த லேட்டன் ஏரிப் பகுதியிலும் கண்ணுக்கு மிக இனிய காட்சிகள் நீரோரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அரை மணி நேரம் கரையோரமாகவே நடந்த பிறகு அவர்கள் பார்த்திருப்பதெல்லாம் தொலைவில் ஓடி மறையும் மான்களின் பின்புறத்தை மட்டுமே.

இதற்கு முதற்காரணம் கரையை நடைபாதையாகக் கருதுவது. ஹிர்ஷ்ஃபெல்டனில் ஒரு குளக்கரையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. நீரின் மேல் மூடுபனி படிந்திருந்தது. நாணல்களுக்கு வெகு அருகில் நிமிர்ந்தபடியே நடந்துகொண்டிருந்தேன். எதிர்க்கரையில் ஃபாலோ மான் ஒன்று தலையைத் தூக்கியது. பைனாகுலரை எடுப்பதற்குள் எச்சரிக்கைக் குரல் கேட்டது. அதுவரை நான் கவனிக்காமலிருந்த மேலும் நான்கு மான்கள் மரங்களுக்குள் புகுந்து மறைந்தன. திரையின் ஓரத்தில் நமது ஓசையையும் பார்வைக்குத் தென்படும் அளவையும் காட்டும் குறிகள் இருக்கின்றன. காட்டுக்குள் அவற்றைக் கவனமாகப் பார்க்கும் நான், நீரைக் கண்டதும் மறந்துவிட்டேன். திறந்த நீர்ப்பரப்பின் குறுக்கே மறைப்பு ஏதும் இல்லாததால், எதிர்க்கரை நமக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு தெளிவாக நாமும் அங்கிருந்து தெரிகிறோம். கரையிலிருந்து விலகி, மேட்டில் மரங்களின் ஓரமாக நடந்து, இடையிடையே நின்று பைனாகுலரில் இரு கரைகளையும் பார்த்துவிட்டுத் தேவைப்படும்போது மட்டும் குனிந்தோ தவழ்ந்தோ கீழே இறங்குவதே நல்லது.

இரண்டாவது தவறு காற்றைப் பற்றியது. அனுபவமுள்ளவர்களும் ஆற்றோரத்தில் இதில் சறுக்குகிறார்கள். திசைகாட்டியில் காற்றின் திசை காட்டப்படுகிறது, நமது வாசனை அந்தத் திசையில் பரவுகிறது, விலங்கு அதை முகர்ந்தால் ஓடிவிடுகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆறு நேராக ஓடுவதில்லை. காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கு நோக்கி ஆற்றை எதிர்த்து நடக்கும்போது காற்று முகத்தில் படுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. ஆறு வளைந்து கிழக்கே திரும்பியதும், நாம் அதன் போக்கிலேயே திரும்பினால், காற்று முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. அடுத்த நீர்த்துறையில் நிற்கும் விலங்குக்கு நாம் போய்ச் சேரும் முன்பே நமது வாசனை போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் நின்று திசைகாட்டியைப் பார்க்க வேண்டும். காற்று சாதகமாக இல்லையெனில் அந்த வளைவை விட்டுவிட்டுக் காட்டின் வழியே சுற்றிச் சென்று மறுபுறத்திலிருந்து அணுக வேண்டும். வாசனை நீக்கியைத் தெளித்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உதவும், ஆனால் தவறான பாதையைச் சரியான பாதையாக மாற்றிவிடாது.

நேரம் தெரியாமல் காத்திருப்பதும் பலருடைய பழக்கம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு விலங்கினத்துக்கும் உண்ணவும், நீர் அருந்தவும், ஓய்வெடுக்கவும் தனித்தனி இடங்களும் நேரங்களும் இருக்கின்றன; நீரோரத்தில் தடங்களையும் நீர் அருந்திய அடையாளங்களையும் தொடர்ந்து ஆராய்ந்தால் அந்த இடம் நேரத்துடன் மேப்பில் பதிவாகிவிடும். அதைத் தட்டிப் பார்க்காமல், அழகான வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு விளையாட்டையே குறை சொல்வதில் பயனில்லை. ஓர் இனம் வரும் வேளையில் இன்னோர் இனம் காட்டுக்குள் படுத்திருக்கலாம்.

இடமும் நேரமும் தெரிந்த பிறகு இதற்கு நேர்மாறான தவறு தொடங்குகிறது. ஒரே நீர்த்துறையில் நாள்தோறும் வந்து சுட்டுக்கொண்டே இருந்தால் அங்கே வேட்டை அழுத்தம் (ஓரிடத்தில் எவ்வளவு வேட்டையாடியிருக்கிறோம் என்பதன் அளவு) கூடி, மேப்பில் ஊதா நிறம் படர்ந்து, கடைசியில் மேப்பில் பதிவான அந்த நீர்த்துறையே காணாமல் போய்விடும். விலங்குகள் வேறிடத்துக்கு மாறிவிடும். ஒரு நீர்த்துறையில் ஓரிரண்டு விலங்குகளை வீழ்த்தியதும் அடுத்ததற்கு நகர்வதும், முடிந்தவரை தரை மறைவிடம், மரப்பரண் போன்ற அமைப்புகளிலிருந்து சுடுவதும் இதைப் பெருமளவு தாமதப்படுத்தும். கூடாரத்தை நீரோரத்திலேயே போடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. மேப்பிலிருந்து கூடாரத்துக்கு நேராகத் தாவி வந்து இறங்கும்போது விலங்குகளின் நடுவிலேயே நாம் தோன்றிவிடுகிறோம். நான் 200 முதல் 300 மீட்டர் வரை தள்ளி, இடையில் ஒரு மேடோ அடர்ந்த மரக்கூட்டமோ இருக்கும்படி போடுகிறேன். ஜன்னலிலிருந்து ஏரி தெரியும் வீடு கட்டும் ஆசையை இங்கே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏடிவி எனும் நான்கு சக்கரக் காட்டு வண்டியில் ஆற்றங்கரையைச் சுற்றி வருவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: அதன் இரைச்சல் எல்லாவற்றையும் விரட்டிவிடும்.

நீந்திக் கடப்பது குறித்துக் கொஞ்சம் கவனம் தேவை. ஆழமான நீரில் இறங்கியதும் கையிலுள்ள துப்பாக்கி பயன்படாது. ஹிர்ஷ்ஃபெல்டனில் இதனால் ஒரு மானைத் தவறவிடுவீர்கள், அவ்வளவுதான். ஆனால் 2021 நவம்பரில் வந்த மிசிசிப்பி ஏக்கர்ஸ் காப்பகத்தின் சதுப்பு நீரில் அமெரிக்க அலிகேட்டர் முதலைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவை மாதிரியாகக் கொண்ட எமரால்டு கோஸ்ட்டில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. குறுக்கு வழி என்று நினைத்து அங்கே நீரில் இறங்குபவர் திரும்பக் கரையேறுவது உறுதியில்லை.

சுடும்போது செய்யும் தவறுகளில் நீரோரத்துக்கே உரியது ஒன்று உண்டு. நீர் அருந்த வந்த விலங்கு தலையைத் தாழ்த்தி நிற்கும் கணத்தில் அவசரப்பட்டு, நேர் எதிரிலிருந்தோ பின்னாலிருந்தோ சுட்டால், குண்டு நுரையீரலைச் சென்றடையாமல் போகலாம். காயம்பட்ட விலங்கு நீருக்குள் இறங்கி மறுகரை நோக்கி நீந்திவிட்டால் ரத்தத் தடம் நீர் விளிம்பில் அறுந்துவிடும். பிறகு மறுகரை முழுவதையும் அடியடியாகத் தேட வேண்டும். அது பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுத்துத் தோளுக்குப் பின்னால் குறிபார்ப்பதே சரி. வாத்து வேட்டையிலும் இதே பொறுமை வேண்டும். யூகான் பள்ளத்தாக்குக் காப்பகத்தில் ஹார்லிக்வின் வாத்துகள் தலைக்கு மேல் வந்ததும் சுட்டுவிட்டால் அவை ஆற்றின் நடுவில் போய் விழும். எடுத்து வரப் பழக்கிய லாப்ரடார் நாய் உங்களிடம் இல்லையென்றால் நீங்களே நீந்த வேண்டும். கரை தாண்டி நிலத்தின் மேல் வரும்வரை விட்டுச் சுடுங்கள்; தோட்டாவும் பறவைக்குரிய சிறு குண்டுகளாகவே இருக்கட்டும்.

கடைசியாக, ஓய்விடத்தில் படுத்து நேரத்தைத் தள்ளும் வசதியை மிகுதியாகப் பயன்படுத்துவது. நீர் அருந்தும் வேளைக்கு மட்டும் எழுந்து, சுட்டு, மறுபடி படுப்பவருக்கு விலங்கு எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்பது தெரியவே தெரியாது. பார்க்கே ஃபெர்னாண்டோவில் நீர் எருமைகளை நான் பல நாள் இப்படித்தான் தவறவிட்டேன். தென் அமெரிக்காவின் படகோனியாவை ஒத்த அந்தக் காப்பகத்தில், நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான புள்ளிமானையும் வெளிமானையும் பார்க்கும் இன்பமும் சேர்ந்துகொண்டதால், கவனம் இன்னும் சிதறியது. ஒருநாள் எதையும் சுடுவதில்லை என்று முடிவு செய்து, எருமைகள் போன பிறகு காலியாகக் கிடந்த நீர்த்துறைக்கு வந்து தடங்களை மட்டும் பின்தொடர்ந்தேன். அவை ஏரியின் மறுபக்கத்துப் புல்வெளிக்குச் சென்றன. நான் மறைவிடம் போட்டிருந்ததோ அதற்கு நேர் எதிர்ப்புறம்.