மனிதரும் கணினியும் இணைந்து உழைக்கும் அமைப்பை வடிவமைத்தல்

வேலையைப் பங்கிடுவதற்கு முன், அதை இப்போது செய்பவர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதை இருமுறை சரிபார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முடிவிலும் கணினிக்கு எவ்வளவு உரிமை என்பதைத் தீர்மானியுங்கள். எல்லாவற்றையும் மனிதரே செய்வது முதல் எல்லாவற்றையும் கணினியே முடிவுசெய்வது வரை, ஆய்வாளர்கள் ஷெரிடனும் வெர்பிளாங்கும் 1978-இல் வகுத்த 10 படிநிலைகள் இதற்கு இன்றும் நல்ல அளவுகோல்.

எளிய பகுதிகளைத் தானியக்கமாக்கிவிட்டு, கடினமானதை மட்டும் மனிதரிடம் விடுவது வழக்கமான பிழையாகும்: அன்றாடப் பழக்கத்தை இழந்த கைகளுக்கு, நெருக்கடி வேளையில் மிகக் கடினமான பணி வந்து சேரும் என்பதை உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இலேயே சுட்டிக்காட்டினார். ஆகவே வழக்கமான பணிகளிலும் சிலவற்றை வேண்டுமென்றே மனிதரிடம் விட்டுவையுங்கள்.

கணினி தன் பரிந்துரையோடு அதற்கான காரணத்தையும் தன் ஐயத்தின் அளவையும் திரையில் காட்ட வேண்டும். மறுக்கும் பொத்தானும் ஏற்கும் பொத்தானைப் போலவே எளிதில் எட்ட வேண்டும். மறுப்புக்கு மட்டும் விளக்கம் கேட்டால், பலரும் யோசிக்காமலே ஏற்றுவிடுவார்கள்.