'டைம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போர்த்துகீசியத்தில் எழுதும் முறை

'டைம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைக்கும் போர்த்துகீசியச் சொல் 'தெம்பு'. அதையே எல்லா இடங்களிலும் எழுதினால் பல வாக்கியங்கள் பிழையாகிவிடும். மொழிபெயர்க்கும் முன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நேரம், தடவை, மணி, காலம் என்று நாம் பிரித்துப் பேசும் இடங்களில்தான் போர்த்துகீசியமும் ஏறக்குறையப் பிரிகிறது.

செலவிடும் நேரம் 'தெம்பு'. தடவை என்பது 'வேஸ்', பன்மையில் 'வேஸிஸ்'. பெருக்கல் வாய்பாட்டில் வருவதும் இதுவே. கடிகாரம் காட்டுவது 'ஓரா'. "போன தடவை எனக்கு நேரம் இல்லை" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 'டைம்' இருமுறை வரும். போர்த்துகீசியத்தில் முதலாவது 'வேஸ்', இரண்டாவது 'தெம்பு'.

சொல் மாறும்போது அதைச் சார்ந்தவையும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. 'தெம்பு' ஆண்பால், 'வேஸ்', 'ஓரா' இரண்டும் பெண்பால். ஆகவே நிறைய நேரம் என்பது 'முய்ந்து தெம்பு', பல தடவை என்பது 'முய்ந்தாஸ் வேஸிஸ்'. மணி சொல்லும்போது ஒரு மணிக்கு வினை ஒருமையிலும், இரண்டு மணி முதல் பன்மையிலும் வரும். நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் மீண்டும் ஒருமை.

மிகவும் கவனிக்க வேண்டியது, 'தெம்பு' வானிலையையும் குறிக்கும் என்பது. பொழுது இனிமையாகக் கழிந்தது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் 'குட் டைம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், படிப்பவர் மழையின்றி நல்ல வெயில் அடித்ததாகவே எண்ணுவார். அங்கே பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு, மகிழ்ந்திருத்தலைக் குறிக்கும் 'திவெர்த்தீர்சி' என்ற வினையால் எழுதுவதே சரி.

எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறோம் என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 'அந்தக் காலத்தில்' என்பதற்குப் பிரேசிலில் பெரும்பாலும் 'எப்பொக்கா' என்பார்கள். போர்ச்சுகலில், உயரம் என்று நேர்ப்பொருள் தரும் 'அல்த்தூரா' மிகுதியாக வழங்குகிறது. பிரேசிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில 'டீம்' அங்கே போய், 'டைம்' என்பதன் அதே நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டு, 'ச்சீமி' என்று ஒலித்து, கால்பந்து அணியைக் குறிக்கிறது. போர்ச்சுகலில் அணிக்கு 'எக்கீப்பா' என்பார்கள். மாற்றாமல் தவறவிட்ட ஆங்கிலச் சொல் ஒன்று பிரேசில் மொழிபெயர்ப்பில் தங்கிவிட்டால், கணினியின் எழுத்துப்பிழை திருத்தி அதைச் சரியான சொல்லென்றே ஏற்றுக்கொள்ளும். எனவே முடித்தபின் அந்த நான்கெழுத்தைத் தனியாகத் தேடி, வரும் ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும்.